வேனில் படுக்கை, காட்டில் நடை, கடையில் சாப்பாடு: பினாங்குக் கடலோரப் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேம்பர் வேனில் பினாங்குத் தீவைச் சுற்றுவது பற்றிக் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் இருக்கும் உறவுக்காரர்கள் என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

பினாங்கு ஒரு சின்னத் தீவு. அதுக்குப் போய் கேம்பர் வேன் எதுக்கு?

நியாயமான கேள்வி. நெரிசல் இல்லையென்றால் தீவை அரை நாளில் சுற்றி வந்துவிடலாம். தூரத்துக்காக வேன் வேண்டாம். ஆனால் தெலுக் பஹாங்கில் இருக்கும் தேசியப் பூங்காவின் காட்டுப் பாதையில் நடக்கக் காலை ஏழரைக்கே நுழைவாயிலில் நிற்க வேண்டும். ஜார்ஜ்டவுனில் தங்கியிருந்தால் இருட்டில் எழுந்து பத்து பெரிங்கி வளைவுகளைத் தாண்டி வர வேண்டும். வேன் இருந்தால் முதல் நாள் இரவே தெலுக் பஹாங் பக்கம் வந்து படுத்துவிடலாம். நடந்து முடித்து வேர்வையில் நனைந்து வரும்போது மாற்றுத் துணியும் குளிர்ந்த தண்ணீரும் படுக்கையும் அங்கேயே இருக்கும்.

வேனை வீடாக நினைத்து வருகிறவர்கள் பாதிப் பயணத்தில் சலித்துக்கொள்வார்கள். இங்கே அது படுக்கவும் துணி மாற்றவும் மட்டும். மற்றதெல்லாம் வெளியேதான்.

ஃபெரியில வேனை ஏத்திட்டு வந்தா நல்லா இருக்குமே?

நன்றாகத்தான் இருந்தது, ஒரு காலத்தில். 2021-லிருந்து நான்கு சக்கர வண்டிகளை ஃபெரியில் ஏற்றுவதில்லை. இப்போது ஆட்களும் மோட்டார்சைக்கிளும் சைக்கிளும் மட்டும்தான். வேனுக்குப் பாலம்தான் வழி. 1985-ல் திறந்த முதல் பாலம் பிறையிலிருந்து வருகிறது. 2014-ல் திறந்த இரண்டாம் பாலம் பத்து காவானிலிருந்து பத்து மாவுங்குக்கு வருகிறது. இரண்டிலும் தீவுக்குள் நுழையும்போது மட்டும் டோல், திரும்பும்போது இல்லை. டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டையில் காசு இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டாம் பாலம். கொஞ்சம் நீளம், 24 கிலோமீட்டர். பக்கக் காற்று அடித்தால் உயரமான வேன் லேசாக ஆடும், வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பத்து மாவுங்கில் இறங்கி தெலுக் கும்பார், பாலிக் பூலாவ், தெலுக் பஹாங், பத்து பெரிங்கி என்று கடிகார முள் சுற்றும் திசையில் போகலாம். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் இல்லையா, இந்தத் திசையில் போனால் கடல் எப்போதும் நம் பக்கம். பத்து பெரிங்கி சாலையில் ஓரம் கட்டி நிறுத்த எதிர்வரிசையைக் கடக்க வேண்டியதில்லை. எதிர்த் திசையில் வந்தால் ஒவ்வொரு நல்ல காட்சியும் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும்.

கரடுமுரடான கடற்கரைன்னு சொல்றீங்க. தீவு முழுக்க அப்படித்தானா?

இல்லை. தீவின் உடம்பு கருங்கல். அந்தக் கல் கடலில் நேராக இறங்குவது வடமேற்கு மூலையில், தேசியப் பூங்காவைச் சுற்றித்தான். தஞ்சோங் பூங்காவிலிருந்து தெலுக் பஹாங் வரை வீடுகளுக்கும் ஹோட்டல்களுக்கும் நடுவே பாறை எட்டிப் பார்க்கும். தென்மேற்கில் பூலாவ் பெத்தோங், கெர்தாக் சங்குல் பக்கமும் குன்று கடல்வரை வரும்.

நடுவில் உள்ள மேற்குக் கரை வேறு மாதிரி. பந்தாய் ஆச்சேவிலிருந்து சுங்கை பூரோங் வரை சதுப்புக் காடு, சேறு, மீன்பிடிப் படகு, வயல். அலை மோதும் பாறையை எதிர்பார்த்து அங்கே போய் ஏமாந்தவர்கள் உண்டு. சூரியன் மறைவதைப் பார்க்க நல்ல இடம், காலை நனைக்க இல்லை.

எந்த மாசம் வரலாம்?

ஜனவரி, பிப்ரவரி நல்ல வறட்சி. பாதை காய்ந்து கிடக்கும், வேர்கள் வழுக்காது. செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும், நவம்பரிலும் நம்ப முடியாது. 2017 நவம்பரில் ஒரே இரவில் தீவு மூழ்கியதும் மண் சரிந்ததும் இங்குள்ளவர்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. டுரியானுக்காக வருகிறவர்கள் ஜூன், ஜூலையைப் பார்க்க வேண்டும். அந்த மாதங்களில் பிற்பகல் மழைக்கும் தயாராக வாருங்கள்.

பள்ளி விடுமுறையும் நீண்ட வாரக்கடைசியும் வேண்டவே வேண்டாம். பத்து பெரிங்கி சாலைக்கு மாற்றுச் சாலை கிடையாது. வேன் ஊர்ந்தே போகும்.

வேன் வாடகைக்கு எடுக்கிறதா, எங்க பழைய வேனையே மாத்திக்கிறதா?

ஓரிரு முறைக்கு வாடகை போதும். ஆனால் அந்த வண்டி முறையான வாடகை வண்டி உரிமத்தில் ஓடுகிறதா என்று கேளுங்கள். யாரோ தன் சொந்த வேனைத் தெரிந்தவர் மூலமாக விடுகிறார் என்றால், விபத்து நடந்த பிறகு காப்புறுதி நிறுவனம் கைவிரிக்க வாய்ப்பிருக்கிறது.

சொந்த வேன் என்றால் கழற்றி மாட்டக்கூடிய பலகைக் கட்டிலோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். இருக்கையை நிரந்தரமாக எடுப்பது, அடுப்பையும் தண்ணீர்த் தொட்டியையும் பற்றவைத்துப் பொருத்துவது எல்லாம் வண்டியின் அமைப்பை மாற்றுவது. அதற்கு ஜே.பி.ஜே. எனும் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வேண்டும்.

உயரத்தையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். உயரக்கூரை ஹைஏஸ் 2.2 மீட்டரைத் தாண்டும். பேரங்காடிகளின் மாடி நிறுத்துமிடங்களில் பெரும்பாலானவற்றில் அது நுழையாது. ஜார்ஜ்டவுன் பழைய சந்துகளில் வேனோடு மல்லுக்கட்டுவதைவிட, தெலுக் பஹாங்கில் நிறுத்திவிட்டு 101 எண் பேருந்தில் ஊருக்குப் போய் வாருங்கள்.

ராத்திரி எங்க நிறுத்தித் தூங்குறது? போலீஸ் வந்து கண்ணாடியத் தட்டுவாங்களா?

தட்டலாம். தட்டினால் பயப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலும் நீங்கள் யார், ஏன் இங்கே என்பதோடு முடியும். ஆனால் பொதுக் கடற்கரையின் நிறுத்துமிடம் முகாம் இடம் அல்ல. வெளியே மேசை போட்டு, கூடாரத் துணி கட்டி, அடுப்பு பற்றவைத்தால் நகராண்மைக் கழக ஆட்கள் கிளம்பச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரிதான்.

பாதுகாப்பான வழி கேட்டுப் படுப்பது. பாலிக் பூலாவ் பக்கம் பழத்தோட்டத் தங்குமிடங்களும் கம்பத்து (கிராமத்து) ஹோம்ஸ்டேகளும் நிறைய. அறை வேண்டாம், வேனை உள்ளே நிறுத்திக்கொள்கிறோம், குளியலறை மட்டும் வேண்டும் என்று கேட்டால் ஒரு தொகை சொல்வார்கள். தெலுக் பஹாங்கிலும் சிறிய தங்குவிடுதிகளில் இப்படிக் கேட்கலாம். கோலாலம்பூரிலிருந்து வேலை முடித்துக் கிளம்பி நள்ளிரவாகிவிட்டால் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் ஓய்வுத்தலத்திலேயே படுத்துவிட்டுக் காலையில் பாலம் ஏறுங்கள். தூக்கக் கலக்கத்தில் தீவுக்குள் வந்து இடம் தேடுவது வீண் வேலை.

ஆள் இல்லாத கடலோரத்தில் ஒற்றை வேனாக நிற்க வேண்டாம். குடும்பத்தோடு வந்தால் கண்டிப்பாக வேண்டாம்.

புழுக்கம் தாங்காது. இன்ஜினை ஓடவிட்டு ஏசியில தூங்கலாம்தானே?

கூடாது. நின்ற வண்டியில் இன்ஜின் ஓடும்போது வெளியேறும் கார்பன் மோனாக்சைடு உள்ளே கசியலாம். நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தூங்குகிறவருக்கு மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. ஏசியில் தூங்கி எழாமலே போனவர்கள் பற்றிய செய்தி இந்த நாட்டில் புதிதல்ல.

சன்னலுக்குக் கொசுவலை தைத்துக்கொள்ளுங்கள், காந்தப் பட்டை வைத்தது எளிது. பேட்டரியில் ஓடும் இரண்டு விசிறி, ஒன்று காற்றை உள்ளே இழுக்க, ஒன்று வெளியே தள்ள. எதிரெதிர் சன்னல் இரண்டும் விரற்கடை திறந்திருக்கட்டும். டிங்கிக் காய்ச்சல் உள்ள ஊர், வலை இல்லாமல் சன்னலைத் திறக்காதீர்கள். இதையும் மீறிப் புழுங்கினால் அன்றைக்கு ஓர் அறை எடுத்துவிடுங்கள், அதில் கெளரவக் குறைவு ஒன்றுமில்லை.

குளியல், கழிப்பறை எல்லாம்?

பெட்ரோல் நிலையம், ஓய்வுத்தலம், பொதுக் கடற்கரைக் குளியலறை. மேலே சொன்ன கம்பத்துத் தங்குமிடம் இருந்தால் பாதிக் கவலை போச்சு. பாத்திரம் கழுவிய தண்ணீரை மண்ணிலோ வாய்க்காலிலோ கொட்டாமல் ஒரு வாளியில் பிடித்துக் கழிப்பறையில் ஊற்றுங்கள்.

தேசியப் பூங்காவுக்குள்ள வேன் போகுமா?

போகாது. உள்ளே சாலையே இல்லை, அதுதான் அதன் அழகு. வேன் தெலுக் பஹாங் நுழைவாயிலோடு நின்றுவிடும். அங்கே பதிவு செய்து கட்டணம் கட்டி நடக்க வேண்டும். மலேசியருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்குக் கூடுதல். அடையாள அட்டையை வேனில் விட்டுவிடாதீர்கள். மாலைக்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

முன்பு பந்தாய் ஆச்சே காப்புக்காடாக இருந்தது. 2003-ல் தேசியப் பூங்காவானது. 2021-ல் யுனெஸ்கோ அங்கீகரித்த பினாங்கு மலை உயிர்க்கோளக் காப்பகத்தில் இதுவும் சேர்ந்தது. மிகச் சின்னப் பூங்காதான். நடந்து பார்த்தால் சின்னது என்று சொல்ல வாய் வராது.

மூக்கா ஹெட் போறதா, கெராச்சுட் போறதா? ஒரே நாள்ல ரெண்டும் முடிச்சிடலாமா?

நுழைவாயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாதை பிரியும். கடலை ஒட்டி நேராகப் போவது குரங்குக் கடற்கரைக்கும் மூக்கா ஹெட்டுக்கும். இடப்பக்கம் மலையேறி அந்தப் பக்கம் இறங்குவது கெராச்சுட்டுக்கு. இரண்டும் தனித்தனித் திசை. ஒரே நாளில் இரண்டும் முடிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கத் தேவையில்லை.

கடலோரப் பாதையில் குரங்குக் கடற்கரை வரை ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஏற்றம் அதிகமில்லை, ஆனால் பாறையும் வேருமாகக் காலைப் பார்த்தே நடக்க வேண்டும். வழியில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையம் வரும். கடற்கரையிலிருந்து மூக்கா ஹெட் கலங்கரை விளக்கம் வரை செங்குத்து. ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 1883-ல் கட்டியது, கடல் மட்டத்திலிருந்து இருநூற்று நாற்பது மீட்டருக்கு மேல். கோபுரத்துக்குள் ஏறக் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்க்கும்போது மரங்களுக்கிடையே தெரியும் கடலுக்காகவே ஏறலாம்.

கெராச்சுட் பாதையில் வெயில் குறைவு, மலைக்காட்டுக்குள் போகிறது. இறங்கினால் கடற்கரைக்குப் பின்னால் ஒரு ஏரி. ஆற்று நீர் மேலேயும் கடல் நீர் கீழேயும் கலக்காமல் நிற்கும். உப்பு நீர் கனமானது என்பதால் அடியில் தங்கிவிடுகிறது. வறட்சியில் வந்தால் ஏரி இருந்த இடம் வெறும் தரையாகத்தான் கிடக்கும், ஏமாற வேண்டாம். முதல் தடவை என்றால் என் ஓட்டு கெராச்சுட்டுக்கு. குரங்குக் கடற்கரையில் படகுக் கூட்டமும் இரைச்சலும் எனக்கு ஒத்துவரவில்லை.

ஆமை பாக்க முடியுமா?

கெராச்சுட்டில் ஆமைக் காப்பகம் இருக்கிறது. பச்சை ஆமைகள் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையும், ஆலிவ் ரிட்லி ஆமைகள் செப்டம்பர் முதல் பிப்ரவரி வரையும் முட்டையிட வருகின்றன. வருவது இரவில். நீங்கள் போவது பகலில். ஆகவே தொட்டியில் வளரும் குஞ்சுகளைப் பார்ப்பீர்கள், சில நாள் அதுவும் இருக்காது. டார்ச்சும் கேமரா வெளிச்சமும் அவற்றின் திசையைக் குழப்பும் என்பதால் கொண்டுபோய்க் காட்ட வேண்டாம்.

அவ்வளவு தூரம் நடந்துட்டு கடல்ல இறங்காம வர முடியுமா?

கெராச்சுட்டில் இறங்காதீர்கள். நீரோட்டம் இழுக்கும், சொறிமீன் உண்டு, எச்சரிக்கைப் பலகையும் உண்டு. பெட்டிச் சொறிமீன் வகையும் பினாங்குக் கடலில் இருக்கிறது. அதன் கொட்டு விளையாட்டல்ல. பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. வினிகர் ஊற்றி 999-ஐ அழையுங்கள். ஒரு சின்ன வினிகர் போத்தல் முதுகுப்பையில் இருக்கட்டும்.

அம்மாவுக்கு முட்டி வலி, சின்னப் பிள்ளைங்களும் இருக்காங்க. அவங்க என்ன பண்ணுவாங்க?

தெலுக் பஹாங் படகுத்துறையிலிருந்து இரண்டு கடற்கரைகளுக்கும் படகு கிடைக்கும். நல்ல ஏற்பாடு இது: நடக்கிறவர்கள் காலையில் கெராச்சுட்டுக்கு நடக்கட்டும், மற்றவர்கள் படகில் வந்து சேரட்டும், திரும்பும்போது எல்லோரும் படகில். திரும்பும் நேரத்தையும் மொத்தக் கட்டணத்தையும் ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். அலை பெரிதாக இருந்தால் படகு வராது. அதனால் நடக்கிறவர்கள் திரும்பி நடப்பதற்கான தண்ணீரையும் சேர்த்தே எடுத்துப் போக வேண்டும்.

குரங்கு கடிக்குமா?

உணவுப் பை கையில் இருந்தால் பறிக்கும், எதிர்த்தால் கடிக்கும். பிளாஸ்டிக் பையின் சரசரப்பு கேட்டாலே வந்துவிடும். தீனியை முதுகுப்பைக்குள் பூட்டி வையுங்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனை. வேன் சன்னலை வலை மட்டும் போட்டுவிட்டு நிறுத்திப் போகவும் வேண்டாம். அந்த வலை கொசுவுக்குத்தான்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். எங்க என்ன சாப்பிடலாம்?

வேனில் அடுப்பு வைக்க யோசிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். தெலுக் பஹாங் சுற்றுச்சந்திப்புப் பக்கம் காலையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் நாசி லெமாக்கும் கிடைக்கும். நடக்கப் போகிறவர்கள் அங்கே பசியாறிவிட்டு, மதியத்துக்கு ஒரு நாசி லெமாக் பொட்டலம் பொங்குஸ் செய்துகொண்டு போகலாம். வாழை இலையில் கட்டியது காட்டுக்குள் மதியம் வரை தாங்கும். தேங்காய்ப்பால் சோறு என்பதால் அதற்கு மேல் வைத்துச் சாப்பிட வேண்டாம்.

பாலிக் பூலாவில் லக்சா எனும் நூடுல்ஸைச் சாப்பிடாமல் போனால் வந்ததற்கு அர்த்தமில்லை. புளியும் மீனும் கரைத்த ஆசாம் லக்சா ஒன்று, தேங்காய்ப்பால் சேர்த்த லெமாக் லக்சா ஒன்று. இரண்டையும் கேட்டு வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், கூடவே ஜாதிக்காய்ச் சாறு. தெலுக் கும்பார், கெர்தாக் சங்குல் பக்கம் இரவில் கடலுணவு. மீனையும் நண்டையும் எடை போட்டு விலை சொல்வார்கள். அடுப்பில் ஏறுவதற்கு முன் விலையைக் கேட்பது வெட்கமல்ல.

நாசி கண்டாருக்கு ஜார்ஜ்டவுன்தான், 101 பேருந்தில் போய் வாருங்கள். நம் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி போலச் சுமந்து துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சோறு இன்று தீவின் அடையாளம். ‘பஞ்சிர்’ என்றால் எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றுவார்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ஊற்றுவதற்கு முன்பே மாட்டுக் குழம்பு வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். துண்டு வைக்காவிட்டாலும் குழம்பு வந்துவிடும்.

நாங்க சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை, விசாரிப்பு அதிகம். ஆசாம் லக்சாவின் சாறே மீன். கீரை வதக்கலில் பிளாச்சான் எனும் இறால் விழுது இருக்கும், சம்பலில் நெத்திலி இருக்கும். ‘இறைச்சி இல்லை’ என்று கடைக்காரர் சொன்னால் அதில் இறால் கணக்கில் வராது. சீன பௌத்த சைவக் கடைகள் தீவு முழுக்க உண்டு. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் தோசையும் சைவச் சாப்பாடும் தாராளம். மேற்குக் கரையில் சுற்றும் நாட்களுக்கு மட்டும் ஒரு சின்ன அடுப்பு, அரிசி, பருப்பு, ஊறுகாய் வைத்துக்கொள்ளுங்கள். வேன் அடுப்பு உண்மையில் பயன்படுவது சைவக் குடும்பங்களுக்குத்தான். அதையும் கதவைத் திறந்து வைத்து, வேனுக்கு வெளியே பற்றவையுங்கள். ஏசி பற்றிச் சொன்ன அதே காரணம், அத்தோடு தீ.

டுரியான் வாங்கி வேன்லேயே வச்சிக்கலாமா?

வைத்துக்கொள்ளலாம். அப்புறம் அந்த வேனில் யார் தூங்குவது? தோட்டத்திலேயே பிளக்கச் சொல்லி அங்கேயே தின்றுவிட்டுக் கை கழுவி ஏறுங்கள். வாடகை வேன் என்றால் வைப்புத்தொகை திரும்பாது.

தெலுக் பஹாங்–பாலிக் பூலாவ் ரோட்டுல வளைவு நிறைய சொல்றாங்களே?

உண்மைதான். அணைக்கட்டைத் தாண்டியதும் மலையேறி, தித்தி கெராவாங் வழியாக வளைந்து வளைந்து போகும். பகலில், மழை இல்லாதபோது ஓட்டுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வராமல் தாழ்ந்த கியரில் விடுங்கள், படுக்கையும் தண்ணீரும் ஏற்றிய வேன் கனமானது. வளைவில் வாந்தி வருகிறவர்களை முன்னால் உட்கார வையுங்கள். பின்னால் சைக்கிள்காரர்களும் வண்டிகளும் சேர்ந்துவிட்டால் ஓரம் ஒதுங்கி வழிவிடுங்கள்.

தைப்பூசத்துக்கு வந்தா ரெண்டும் சேத்துப் பாத்துடலாம்ல?

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருவதானால் அதற்கென்றே வாருங்கள். அந்த நாட்களில் கோயிலைச் சுற்றிச் சாலைகள் மூடப்படும், வேன் நிறுத்த இடம் கிடைக்காது. கடலோரப் பயணத்தோடு சேர்க்க நல்லது மாசி மகம். தெலுக் பஹாங் சிங்கமுக காளியம்மன் கோயில் தெப்பத் திருவிழா, பூங்கா நுழைவாயில் இருக்கும் அதே ஊரில் கடலிலேயே நடக்கிறது. பக்தர்கள் விளக்குகளைக் கடலில் விடுவார்கள். காலையில் நடை, மாலையில் தெப்பம். ஆனால் வேனை மதியத்துக்கு முன்பே ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு அன்றிரவு அசைக்காதீர்கள்.

சுனாமி வந்த இடமாச்சே, கடலோரம் தூங்கப் பயமா இருக்கு.

2004 டிசம்பர் 26-ல் மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில்தான். மேற்குக் கரைக் கம்பங்களும் வடக்குக் கடற்கரையும் அடிபட்டன. அதற்காக வராமல் இருக்க வேண்டியதில்லை. வேனை நிறுத்தும்போது முகப்பு சாலையைப் பார்க்கட்டும், மேட்டுக்குப் போகும் வழி எது என்று தெரிந்திருக்கட்டும். கடல் திடீரென்று உள்வாங்கினாலோ அபாயச் சங்கு ஒலித்தாலோ மேசை நாற்காலியை எடுக்கக் கூட நிற்காமல் கிளம்புங்கள். பாலிக் பூலாவ் தோட்டங்களில் படுத்தால் இந்தக் கவலையும் குறையும்.

பாதி வழியில மழை பிடிச்சிக்கிட்டா?

மரங்களுக்குள் நடக்கும்போது இடி கேட்டால் திரும்புங்கள். மூக்கா ஹெட் ஏற்றத்தில் மழையில் இறங்குவது ஏறுவதைவிடச் சிரமம். மரம் விழுந்தோ மண் சரிந்தோ சில பாதைகள் நெடுநாள் மூடிக் கிடப்பதும் உண்டு. நுழைவாயிலில் அன்றைக்கு எது திறந்திருக்கிறது என்று கேட்ட பிறகே திட்டத்தை முடிவு செய்யுங்கள். மழை நாளை லக்சாவுக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் ஒதுக்கினால் நஷ்டமில்லை.

மூணு நாள்தான் லீவு. எப்படிப் பிரிக்கிறது?

முதல் நாள் இரண்டாம் பாலம், தெலுக் கும்பாரில் மதியச் சாப்பாடு, பாலிக் பூலாவில் லக்சா, தோட்டத்தில் தூக்கம். இரண்டாம் நாள் காலையிலேயே மலைச் சாலை தாண்டி தெலுக் பஹாங், பிற்பகலில் கடல் பார்த்துக்கொண்டு ஓய்வு, சீக்கிரம் தூக்கம். மூன்றாம் நாள் காலை கெராச்சுட், மதியம் பத்து பெரிங்கி வழியாக ஊர். நான்காம் நாள் கிடைத்தால் மூக்கா ஹெட். இரண்டு நாள்தான் என்றால் தெலுக் கும்பாரை விட்டுவிடுங்கள், நடையை விடாதீர்கள்.

தமிழ்நாட்டுலேர்ந்து மச்சான் வர்றாரு. அவரு வேன் ஓட்டலாமா?

இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் அங்கேயே வாங்கி வரச் சொல்லுங்கள். நாமும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம் என்பதால் அவருக்குச் சாலை புதிதாக இருக்காது. ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் அவர் பெயரும் ஓட்டுநராக இருக்க வேண்டும், இல்லையென்றால் மேலே சொன்ன காப்புறுதிச் சிக்கல்தான். ஒப்பந்தத்தில் இருந்தாலும் நெடுஞ்சாலையில் மட்டும் கொடுங்கள். தித்தி கெராவாங் வளைவுகளை நீங்களே ஓட்டுங்கள்.